புறப்படுகிறவரிடம் கேட்கக் கூடாத கேள்வி

சிங்காநல்லூர் பங்காரம்மா மில்லுக்கு 1968ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. மூன்று லாரிகளில் வந்தது. பிரித்துப் பார்த்தபோது ஒரு லாரி முழுக்க வைக்கோலும் பலகையும்தான். மீதி இரண்டில் வந்ததை ஆபீசுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய அறையில் வைத்து, அறைக்கு ஏர்கண்டிஷன் போட்டு, வாசலில் தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்ச் சில்லு ஒன்றுகூட உள்ளே தெறிக்கக் கூடாது என்று மிஷின் கம்பெனிக்காரர் கேட்டுக்கொண்டதால், பூசாரி அறைக்கு முதுகைக் காட்டி நின்று உடைத்தார்.

கம்பெனிக்காரர் பெயர் ரசாக். சென்னையிலிருந்து வந்தவர். எதையும் இரண்டு தடவை விளக்குவார். முதல் தடவை கேட்பவருக்காக, இரண்டாம் தடவை தன் சந்தோஷத்துக்காக. கம்ப்யூட்டரை ஓட்டச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருந்தார்கள். ரசாக் வந்தது அதைக் காக்கச் சொல்லித்தருவதற்கு.

காக்கப் பழக வேண்டியவர்கள் மூன்று பேர். முதலாளி வெங்கடபதியின் அக்கா மகன் அரங்கசாமி. புதுப் பிரிவுக்கு அவர்தான் மேனேஜர். தலைமைக் குமாஸ்தா அழகிரிசாமி. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. மூன்றாவது ராசப்பன். அவனுக்கு வாசலில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ரிஜிஸ்தர்.

ராசப்பன் அதற்குமுன் ஒன்பது வருஷம் கலப்பறையில் இருந்தான். பஞ்சுப் பொதிகளைப் பிரித்து உதறிக் கலக்கிற இடம். அங்கே காற்றும் பஞ்சும் சரிபாதி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் மில்லில் வேறெங்கும் இடமில்லாமல் அங்கே இருமிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று கட்டிய அறையின் வாசலில் உட்கார்ந்த பத்தாவது நாள் அவன் இருமல் நின்றது. மனைவி பொன்னாத்தாள் இரவில் இரண்டு தடவை எழுந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். சத்தமில்லாமல் தூங்கும் புருஷனை அவள் அதுவரை பார்த்ததில்லை.

வேலை தற்காலிகம். மூன்று மாதம் கழித்து ரசாக் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் கலப்பறை.

பயிற்சி பன்னிரண்டு நாள். முதல் நாள் ரசாக் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். கல்யாணப் பத்திரிகை அளவில் கெட்டியான அட்டை. குறுக்கே எண்பது கட்டம், மேலிருந்து கீழே பன்னிரண்டு வரி, அதில் அங்கங்கே சின்னத் துளைகள். கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது என்றார் ரசாக். அட்டை ஓர் உருளைமேல் ஓடும். மேலே மெல்லிய கம்பிகளாலான பிரஷ் வரிசையாக நிற்கும். துளை வந்தால் பிரஷ் அதன் வழியாக உருளையைத் தொடும், கரண்ட் பாயும். துளை இல்லாவிட்டால் அட்டை தடுக்கும், பாயாது. துளை என்றால் ஆமாம், அட்டை என்றால் இல்லை. இந்த இரண்டைத் தவிர அந்த மிஷினுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் நிமிஷத்துக்கு லட்சக்கணக்கில் சொல்லும்.

மிஷின் என்ன செய்ய வேண்டும் என்கிற புரோகிராமும் அட்டைதான். அறுநூற்று நாற்பது அட்டைகள், ஒரு நீளத் தட்டில். இரண்டாம் நாள் ரசாக் அந்தக் கட்டை இறுக்கிப் பிடித்து, மேல்விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சாய்வாக ஒரு பென்சில் கோடு இழுத்தார். ஒவ்வோர் அட்டையின் விளிம்பிலும் ஒரு புள்ளிதான் விழுகிறது. எல்லாம் தன் இடத்தில் இருந்தால் புள்ளிகள் சேர்ந்து கோடாகத் தெரியும். ஓர் அட்டை இடம் மாறினால் அதன் புள்ளி மட்டும் வரிசையை விட்டுத் தனியே நிற்கும். பள்ளிக்கூடத்தில் வேறு வகுப்பு வரிசையில் போய் நின்றுவிட்ட பையனைப்போல. ராசப்பனுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குப் போய் ரேஷன் கார்டு, பஞ்சாங்கம், பழைய நோட்டுகளை அடுக்கி ஒரு கோடு போட்டான். மறுநாள் பஞ்சாங்கத்தை யாரோ எடுத்துப் பார்த்திருப்பதைக் கண்டுபிடித்தான். அவன் வீட்டில் அவனையும் பொன்னாத்தாளையும் தவிர யாரும் இல்லை என்பதால் விசாரணை சீக்கிரம் முடிந்தது.

பிறகு பூட்டு. புரோகிராம் அலமாரிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று அரங்கசாமியிடம், ஒன்று அழகிரிசாமியிடம். ஒருவர் தவறினாலும் மற்றவர் தவற மாட்டார் என்பது கணக்கு. அதன்பின் விதிகள். மொத்தம் பதினொன்று. ஐந்தாவது விதி, புரோகிராம் அட்டைகள் எந்தக் காரணத்துக்காகவும் மில் கேட்டைத் தாண்டக் கூடாது; முதலாளியே கேட்டாலும். முதலாளி அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். படிக்காமல் போட்டார் என்பது மையின் வேகத்திலேயே தெரிந்தது.

ஆறாம் நாள்தான் சிக்கல் வந்தது. அன்றைய பாடம் வாசல் ரிஜிஸ்தர். பெயர், பொருள், நேரம், எங்கே கொண்டுபோகிறார், திரும்பிய நேரம் என்று கட்டங்கள். ரசாக் கையில் ஓர் அட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படியில் நின்று, என்னைக் கேளுங்கள் என்றார்.

யாரும் கேட்கவில்லை.

அரங்கசாமி கூரையைப் பார்த்தார். அழகிரிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, சார் போய்விட்டு வந்த பிறகு கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றார். போனவர் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார் ரசாக். அப்படியெல்லாம் வாயால் சொல்லக் கூடாது என்று அழகிரிசாமி கேட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். புறப்பட்டுப் படியில் நிற்பவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெடும். தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால், புறப்பட்டவர் உள்ளே திரும்பி வந்து, கையிலிருப்பதைக் கீழே வைத்து, கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அழகிரிசாமியின் மைத்துனர் ஒருவர் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் புறப்பட்டபோது பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். திரும்பி உட்கார்ந்து தண்ணீர் குடித்ததில் ரயில் போய்விட்டது, அடுத்த ரயிலில் போனார், மஞ்சள் விலை இறங்கியிருந்தது. தண்ணீர் குடித்ததால் விலையோடு போயிற்று என்று அந்தக் குடும்பம் இன்றும் நம்புகிறது.

"பஸ்ல கண்டக்டர் எல்லாரையும் எங்கேன்னுதானே சார் கேட்கிறார்? ஒருத்தரும் இறங்கிப் போய்த் தண்ணி குடிக்கிறதில்லையே" என்றார் ரசாக்.

"அது வேறயிங்க. அவரு டிக்கெட் குடுக்கறாருங்க" என்றார் அழகிரிசாமி.

 ரசாக்கின் கையில் தட்டு கனத்தது. அப்போது ராசப்பன் எழுந்து நின்று, வழக்கமாகக் கேட்பதைப்போலக் கேட்டான்.

"தூரமுங்களா?"

அது என்ன கேள்வி என்றார் ரசாக். கோயமுத்தூர்ப் பக்கம் புறப்படுகிறவரிடம் இப்படித்தான் கேட்பது. கேட்டதும் அவரே எங்கே என்று சொல்லிவிடுவார் என்று விளக்கினார்கள். ரசாக் நம்பவில்லை. வெளியே வராந்தாவில் போய் நின்று, போகிற வருகிற ஆறு பேரிடம் கேட்டுப் பார்த்தார். ஆறு பேரும் எங்கே, எதற்கு, யாரைப் பார்க்க, எப்போது திரும்புவது என்று நின்று சொன்னார்கள். ஒருவர் தன் மகளுக்கு வரன் பார்க்கப் போவதையும் சொல்லி, சென்னையில் நல்ல பையன் இருக்கிறானா என்று விசாரித்தார். ரசாக் உள்ளே வந்து, ரிஜிஸ்தரில் 'எங்கே' என்ற கட்டத்தை அடித்துவிட்டு 'தூரம்' என்று எழுதினார். தன் கம்பெனியின் கேள்வியைவிட இது நல்ல கேள்வி என்று நோட்டிலும் குறித்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் சென்னைக்குக் கிளம்புமுன் அந்தத் தாளை மேஜைமேல் விரித்துக் காட்டினார். பத்து வரிகள். ஒன்பதில் ராசப்பனுக்கு நேரே அங்கேயே டிக் போட்டார். ஏழாவது வரி மட்டும் காலி. 'அனுமதியில்லாமல் எடுத்துச் செல்பவரைத் தடுத்தார் (ஒரு முறையேனும்)' என்று அதில் இருந்தது. பக்கத்தில், தடுக்கப்பட்டவர் கையெழுத்துக்கு இடம். தடுக்கத் தெரியுமா என்பதைத் தடுத்துத்தான் காட்ட முடியும், மூன்று மாதம் கழித்து வருவேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

ராசப்பன் காத்திருந்தான். தடுப்பதற்கு ஆள் வர வேண்டும். பிட்டர்கள், மேஸ்திரிகள், கலப்பறைப் பழைய கூட்டாளிகள் அந்தக் கதவுப் பக்கமே வரவில்லை. அங்கே குளிரில் பேய் இருப்பதாகப் பேச்சு. வந்தவர்கள் எல்லாம் முதலாளியின் சொந்தக்காரர்கள், அல்லது அவர்களுடைய விருந்தாளிகள். யாரிடம் இல்லை என்று சொல்ல முடியுமோ அவர்கள் வரவில்லை. வந்தவர்களிடம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நல்லவேளையாக அவர்களும் எதையும் எடுத்துப் போகவில்லை, பார்த்து நடுங்கிவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் மதியம் அவன் அறைக்குள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "முடியாதுங்க" என்று சொல்லிப் பழகினான். சொல்லுக்குப் பின்னால் 'ங்க' வந்து உட்கார்ந்ததும் அது வேண்டுகோள்போல ஆயிற்று. 'ங்க'வை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தான். தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. அவசரமாக 'ங்க'வைச் சேர்த்துக்கொண்டான். அவன் அப்பா மாசாணம் முப்பது வருஷம் முதலாளி வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்தவர். அந்த முப்பது வருஷத்தில் அவர் முதலாளியைக் கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டு. எத்தனை வண்டி எருவுங்க, எப்பங்க. பதிலாகச் சொன்ன வார்த்தை ஒன்று. ஆகட்டுங்க. அந்த வீட்டில் வளர்ந்த நாக்குக்கு வேறு வார்த்தை பழக்கமில்லை.

ரசாக் வருவதாகச் சொன்னது வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் நாள் வியாழன் காலை பதினொன்றரைக்கு முதலாளியின் கார் கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் அவர் மனைவி லட்சுமியம்மாள் பட்டுச்சேலையில், மடியில் வெற்றிலை பாக்குத் தட்டோடு. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரின் மகனுக்குத் தங்கள் பெண்ணைப் பேச முதல் தடவையாகப் போகிறார்கள். பதினொன்றே முக்காலுக்குள் மில் கேட்டைத் தாண்ட வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார்.

முதலாளி உள்ளே போனார். பட்டறைக்காரர் ஏதோ ஒரு கல்யாணத்தில், கம்ப்யூட்டருக்குள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டாராம். கொண்டுபோய்க் காட்டுவது என்று முதலாளி முடிவு செய்திருந்தார். மிஷினைக் காரில் ஏற்ற முடியாது என்பதால் புரோகிராம். அரங்கசாமியும் அழகிரிசாமியும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். ஆளுக்கொரு சாவி, ஆளுக்கொரு பூட்டு. ஒருவர் தவறினால் மற்றவர் தவற மாட்டார் என்ற கணக்கு அரை நிமிஷத்தில் தீர்ந்தது. முதலாளி தட்டிலிருந்து ஓர் அட்டையை உருவி, விளக்குக்கு நேரே பிடித்து, துளைகள் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு அட்டையைத் தட்டில் செருகினார். தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

ராசப்பன் எழுந்து நின்றான். ரிஜிஸ்தரில் பெயரும் பொருளும் எழுதினான். நேரம், 11.40. அடுத்த கட்டம் வந்தது.

"தூரமுங்களா?"

"பக்கந்தாம்ப்பா" என்றார் முதலாளி.

அவன் 'பக்கம்' என்று எழுதினான். கண் காருக்குப் போயிற்று. பட்டுச்சேலை, வெற்றிலைத் தட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் என்பது கேட்டுக்கு வெளியே பதினைந்து மைல். அன்று சாயங்காலம் ஆயிரத்து நானூறு பேருடைய வருகைக் கணக்கு அந்த அறுநூற்று நாற்பது அட்டையால்தான் ஓட வேண்டும். ஐந்தாவது விதி. ஏழாவது வரி. கலப்பறை.

முடியாதுங்க என்று சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான். ஆகட்டுங்க என்று வரப் பார்த்தது, மூடிக்கொண்டான். முதலாளியின் வலது கால் படியைத் தாண்டிவிட்டது. மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது, அது இருப்பதிலேயே கூடாத வார்த்தையைக் கொண்டுவந்து போட்டது.

"எங்கீங்க போறீங்க?"

 அழகிரிசாமி கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே என்று நின்றார். காருக்குள்ளிருந்து லட்சுமியம்மாள் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"ஏனுங்க, உள்ள போய்ச் சித்த உக்காந்துட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வாங்க."

முதலாளி வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தார். வாசலில் இருந்தது ஒரே நாற்காலி, ராசப்பனுடையது. அதில் உட்கார்ந்தார். இரண்டு கையிலும் தட்டை வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்க முடியாது. தட்டு மேஜைக்கு வந்தது. அரங்கசாமி தண்ணீர் கொண்டுவந்தார். ராசப்பன் தட்டைத் தன் பக்கம் மெதுவாக நகர்த்திக்கொண்டு, 'திரும்பிய நேரம்' என்ற கட்டத்தில் 11.41 என்றும், ஓரத்தில் காரணம் தண்ணீர் என்றும் எழுதினான்.

முதலாளி அண்ணாந்து குடித்து முடித்து டம்ளரை வைத்தார்.

"அப்படிக் கேக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதாப்பா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சே கேட்டுப்போட்டயா?"

"முடியாதுன்னு சொல்ல வாய் வரலீங்க. அதனால இதக் கேட்டுப்போட்டேனுங்க."

முதலாளி அவனைப் பார்த்தார். மாசாணத்தின் மகன் என்று அவருக்குத் தெரியும். ரிஜிஸ்தர் கேள்வியை விட்டுவிட்டால் அந்தக் குடும்பத்திலிருந்து வந்த மூன்றாவது கேள்வி இது என்பது அவருக்குத் தோன்றியதா என்று சொல்வதற்கில்லை. இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

அது வருவதற்குள் ராசப்பன் தட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பார்வை போகிற இடத்தை முதலாளியும் பார்த்து, என்ன அது என்றார். பென்சில் கோடு நடுவில் ஒரு புள்ளி குறைந்திருந்தது. அது சட்டென்று தெரியவில்லை. தெரிந்தது, கோட்டைவிட்டு மூன்று விரல் தள்ளித் தனியே நின்ற புள்ளி. ராசப்பன் கோட்டைப் பற்றிச் சொன்னான். ரசாக் சொன்னதுபோலவே இரண்டு தடவை சொன்னான். தனிப் புள்ளி நின்ற அட்டையை உருவினான். ஓரத்தில் 212 என்று இருந்தது. நின்ற இடம் 388க்கும் 389க்கும் நடுவில். முதலாளி விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுச் செருகிய அட்டை. இது இப்படியே மிஷினுக்குள் போயிருந்தால், ஆளின் பெயரைப் படிப்பதற்கு முன்பே லீவைக் கணக்குப் பார்க்கும். ஆயிரத்து நானூறு பேரும் ஒரு மாதம் வேலைக்கே வரவில்லை என்று அடித்துத் தரும். அடிக்கிற வேகம் நிமிஷத்துக்கு அறுநூறு வரி.

"ஒரு அட்டைக்கா?" என்றார் முதலாளி.

"ஒரு அட்டைக்குங்க."

அவர் அட்டையை வாங்கி, 211ஐத் தேடி, அதன் பின்னால் தானே செருகினார். புள்ளி கோட்டுக்குள் போய்க் காணாமற்போயிற்று. அதைத் திரும்ப ஒரு தடவை எடுத்துச் செருகிப் பார்த்தார். அவ்வளவில் பன்னிரண்டு ஆகிவிட்டது. லட்சுமியம்மாள் காரிலிருந்து இறங்கி, இனி அடுத்த நல்ல நேரம் திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிட்டு மில் வளாகத்துக்குள்ளேயே இருந்த வீட்டுக்கு நடந்தார்.

ராசப்பன் அன்று சாயங்காலம் கலப்பறைக்குச் சொல்லிவிட்டு வந்தான், தன் பழைய இடத்தில் யாரையும் போட்டுவிட வேண்டாம் என்று. பொன்னாத்தாளிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் அலமாரியிலிருந்து கசாயப் பொடி டப்பாவை எடுத்து வெளியே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ரசாக் வந்து ரிஜிஸ்தரைப் புரட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது. வெளியே 11.40, உள்ளே 11.41, தூரம் பக்கம், காரணம் தண்ணீர். அரங்கசாமி விளக்கினார். ரசாக் இரண்டு தடவை கேட்டார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். மூன்று பேரும் பின்னால் போனார்கள். ஏழாவது வரிக்குத் தடுக்கப்பட்டவர் கையெழுத்து வேண்டும் என்றார்.

முதலாளி இந்தத் தடவை தாளை முழுக்கப் படித்தார். பேனாவைத் திறந்துவிட்டு மூடினார்.

"ஏனுங்க அழகிரிசாமி, பஸ்ல கண்டக்டர் கேக்கறாரே. அது மட்டும் ஏன் ஆகுது?"

"அவரு டிக்கெட் குடுக்கறாருங்க."

"அப்ப இவனும் குடுக்கட்டும்" என்றார் முதலாளி. பேனாவைத் திறந்து, தடுக்கப்பட்டவர் என்ற இடத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

ரசாக் அங்கேயே உட்கார்ந்து சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்தார். பெயர், பொருள், எங்கே, நேரம், கொடுத்தவர் கையெழுத்து, நடுவில் கிழிக்கத் துளைவரிசை, அடிக்கட்டை வாசலில் இருக்கும். வரைய வரைய அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் கம்பெனி விதிப் புத்தகத்தில் இப்படி ஒன்று இல்லை என்றார். சனிக்கிழமைக்குள் சிங்காநல்லூர் அச்சுக்கூடம் ஒன்றில் ரோஸ் தாளில் ஐந்நூறு சீட்டு அடித்து வந்துவிட்டது. ராசப்பனின் நிரந்தர உத்தரவு அதே கட்டோடு வந்தது. பொன்னாத்தாள் கசாயப் பொடி டப்பாவை உள்ளே வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு மறுபடி கார் வந்தது. அதே பட்டுச்சேலை, புது வெற்றிலை. முதலாளி கம்ப்யூட்டர் அறைக்குள் போகவில்லை. கையிலும் ஒன்றும் இல்லை. வாசல்படியில் வந்து வெறுங்கையோடு நின்றார்.

ராசப்பனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு எழுந்து நின்று சீட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

"எங்கீங்க போறீங்க?"

"பெரியநாயக்கன்பாளையம். ரெண்டு பேரு" என்றார் முதலாளி.

பொருள் என்ற கட்டத்தில் ராசப்பன் 'இல்லை' என்று எழுதினான். கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தான். முதலாளி சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு காரில் ஏறினார்.